ஒரு நாள் வயதுச் சுவர்: குளிர்விப்புக் கோபுரமும் கலாசியும்

ஆங்கிலத்தில் 'ரிக்கர்' எனப்படும் தொழிலாளியின் பெயர் கப்பலிலிருந்து கரையேறியது. பாய்மரத்திற்குக் கயிறு பூட்டியவரே முதல் ரிக்கர். இந்தியத் தொழிற்கூடங்களில் அவருக்கு வழங்கும் 'கலாசி' என்ற பெயரும் ஏறத்தாழ அதே வழியில் வந்தது. அரபு மூலமுடைய இச்சொல், காலனிய காலத்தில் கப்பல் பணியாளரையும் கூடாரம் அடிப்பவரையும் குறித்துப் பின்னர் ரயில்வேயிலும் ஆலைகளிலும் நிலைத்தது. மரக்கப்பல்களை நீரில் இறக்கும் பேப்பூர் மாப்பிளா கலாசிகள், 1988 பெருமண் ரயில் விபத்தில் அஷ்டமுடிக் காயலில் விழுந்த பெட்டிகளை மீட்டது பலரும் அறிந்த செய்தி. அவ்வளவாகப் பேசப்படாதது, இத்தொழில் தன் கயிற்றையும் கப்பியையும் அனல்மின் நிலையக் குளிர்விப்புக் கோபுரத்திற்குக் கொண்டு சென்றபோது நேர்ந்த மாற்றமே.

இடை சிறுத்து நிற்கும் அக்கோபுர வடிவம் நெதர்லாந்தின் எம்மா நிலக்கரிச் சுரங்கத்திற்காகப் பிரெடெரிக் வான் இட்டர்சன், ஹெரார்ட் கைப்பர்ஸ் ஆகியோர் வகுத்தது. இன்று ராஜஸ்தானின் காலிசிந்து அனல்மின் நிலையத்தில் அவ்வடிவம் 202 மீட்டர் உயரம் எட்டியுள்ளது. இவ்வளவு உயரத்திற்கும் ஓட்டின் பெரும்பகுதி மிக மெல்லியது. சில கோபுரங்களில் 13 சென்டிமீட்டர்தான். சுவர் உள்நோக்கிச் சாய்ந்து, மேலே மீண்டும் விரிவதால் தரையிலிருந்து சாரம் கட்டி ஏறுவது எளிதன்று. ஆகவே சாரத்தைச் சுவரிலேயே போல்ட்டால் பிணைத்து, ஓர் அடுக்குக் கான்கிரீட் இறுகியதும் அதைப் பற்றி அடுத்த அடுக்குக்கு ஏற்றும் முறை பரவிற்று.

கலாசியின் மரபறிவு இங்குதான் திகைக்கிறது. ஸ்லிங், ஷேக்கிள், செயின் பிளாக் ஆகியவற்றை அவர் கண்ணாலும் கையாலும் சோதிப்பார். இரும்புக் கம்பிவடத்தில் ஓர் இழை அறுந்திருந்தாலும் அவருக்குத் தெரிந்துவிடும். ஆனால் எல்லாப் பளுவையும் தாங்குவது நேற்று ஊற்றிய கான்கிரீட். அதன் உள்வலிமையைத் தொட்டுப் பார்த்து அறிய வழியில்லை.

1978 ஏப்ரல் 27, அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலம், வில்லோ ஐலண்ட். நாளுக்கு ஓர் அடுக்கு, அடுக்குக்கு 5 அடி என்ற வேகத்தில் கோபுரம் ஏறத்தாழ 50 மீட்டர் எழும்பியிருந்தது. முந்தைய நாள் ஊற்றியது 28-ஆம் அடுக்கு. காலை 10 மணிக்குப் பின், 29-ஆம் அடுக்குக்கான கான்கிரீட்டைச் சாரத்தின் மேலிருந்த பளுதூக்கிகள் ஏற்றிக்கொண்டிருந்தபோது 28-ஆம் அடுக்கு ஓரிடத்தில் பெயர்ந்தது. பின் இரு திசையிலும் வட்டமாகச் சரிந்துகொண்டே போயிற்று. சாரத்தோடு 51 பேர் விழுந்து மாண்டனர். அச்சு பொருத்தியவர், கம்பி கட்டியவர், கான்கிரீட் நிரப்பியவர் என்ற வேறுபாடு அங்கில்லை. இறந்தோரில் 11 பேர் ஒரே குடும்பத்தினர். உறவினர் வழியே ஆள் சேரும் தொழில்களில் விபத்து இவ்வாறுதான் கணக்குத் தீர்க்கிறது. நம் கலாசிக் குழுக்களைப் பற்றி ஆய்வோரும் இதை மனங்கொள்ளலாம்.

அமெரிக்கத் தேசியத் தரநிலைக் கழகம் விசாரித்தது. அது கண்ட காரணம்: 28-ஆம் அடுக்குப் போதிய வலிமை பெறுமுன் அதன்மீது பளு ஏற்றப்பட்டது. அக்கான்கிரீட்டுக்கு வயது ஒரே நாள். அந்நாளின் சராசரி வெப்பநிலையோ 10 டிகிரி செல்சியஸுக்கும் கீழ். குளிரில் கான்கிரீட் மெல்லவே இறுகும் என்பது எவரும் அறியாததன்று. வேலை அட்டவணை நாட்களை எண்ணியது, குளிரை எண்ணவில்லை.

இதனோடு 1965 நவம்பர் 1-இல் இங்கிலாந்தின் ஃபெர்ரிபிரிட்ஜில் புயற்காற்றில் மூன்று கோபுரங்கள் சரிந்ததை ஒப்பிடலாம். அதில் உயிரிழப்பில்லை. எட்டுக் கோபுரங்கள் நெருங்கி நின்றதால் காற்று எவ்வாறு திரிந்தது என்று நுணுகி ஆராய்ந்து வடிவமைப்பு விதிகளையே திருத்தினர். அந்த ஆய்வு எழுந்து முடிந்த கோபுரத்தைக் காத்தது. எழும்பிக்கொண்டிருக்கும் கோபுரத்தில் நிற்பவரைக் காக்க வேண்டியது வேறொரு கணக்கு. வில்லோ ஐலண்டுக்குப் பின் அதே கழகம், கான்கிரீட் கடந்த நேரத்தையும் வெப்பத்தையும் சேர்த்து வலிமையை மதிப்பிடும் 'முதிர்ச்சி முறை'யில் முனைந்து ஈடுபட்டது. 1987-இல் அது அமெரிக்கத் தரநிலையாயிற்று.

2016 நவம்பர் 24, சீனாவின் ஜியாங்ஷி மாகாணம், ஃபெங்செங். குளிர்காலத்துக்குள் நுழையும் நாட்கள், சுருக்கப்பட்ட பணிக்காலம், இரவுப் பணியாளரும் பகல் பணியாளரும் மாறும் காலைவேளை. கான்கிரீட் வலுப்பெறுமுன் அச்சைக் கழற்றியதால் கட்டுமானத்திலிருந்த குளிர்விப்புக் கோபுரத்தின் மேற்பகுதி சரிந்தது. அரசு விசாரணை அறிக்கையின்படி இறந்தோர் 73 பேர்.