சூடு: குருநகர்க் கரையில் ஒரு பழைய நெருப்பு

சென்ற மாதம் ஓர் இரவு பழைய நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். குருநகரில் பிறந்தவர். 1995 இடப்பெயர்வுக்குப் பின்னர் கனடா சென்று, ரொறன்ரோ நகரின் சமையலறைகளில் இருபது ஆண்டுகள் உழைத்து, 2016இல் ஊர் திரும்பியவர். யாழ்ப்பாண நகரில் மீன் சுட்டு விற்கும் உணவகம் ஒன்றைத் தொடங்கி, ஐந்து ஆண்டுகள் நடத்தி, 2022இல் மூடிவிட்டவர். “அண்ணை, அந்த இரும்புத் தட்டியை விற்கப்போறன். விற்கமுதல் ஒருக்கால் வந்து பாருங்கோ” என்றார்.

அந்தத் தட்டியைப் பற்றிச் சொல்வதற்கு முன்னர் வாசகர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். கதை தொலைவிலிருந்து தொடங்குகிறது.

நண்பர் தமது கடைக்குப் ‘பார்பிக்யூ’ என்று பெயரிட்டிருந்தார். கரீபியன் தீவுகளின் தைனோ மக்கள், உணவைத் தீக்கு மேலே வைப்பதற்கு மரக்கம்புகளால் கட்டிய பரணிலிருந்து பிறந்த சொல் அது. ஸ்பானியர் வாயில் ‘பார்பகோவா’ ஆகிப் பின்னர் ஆங்கிலத்துக்குப் போனது. 1494இல் கொலம்பஸின் ஆட்கள் கியூபாவின் குவாந்தனாமோ குடாவில் கரையிறங்கியபோது, அங்கிருந்தோர் அஞ்சி ஓடிவிட்டனர். அவர்கள் மூட்டிய நெருப்பு மாத்திரம் எரிந்துகொண்டிருந்தது. அதன்மேல் மீன்களும் உடும்பு போன்ற பெரிய ஓணான்களும் வெந்துகொண்டிருந்தன. பசித்து வந்தவர்கள் மீனைத் தின்றுவிட்டு ஓணானைத் தொடாமல் சென்றனர். இன்று மாட்டிறைச்சியையும் பன்றியிறைச்சியையும் நினைவூட்டும் அந்தச் சொல்லின் தொடக்கத்தில் இருந்தது, கரையோர மக்கள் சுட்ட மீன்.

தமிழில் இதற்குச் சொல் இல்லாமலா போயிற்று? ‘சூடு’ என்பதே அந்தச் சொல். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் கடல் இறாலைச் சுட்டுத் தின்கிறார்கள். சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்துக்கு வரும் பாணருக்கு, நெய்தல் நிலத்தவர் கள்ளோடு உலர்ந்த குழல்மீனைச் சுட்டுக் கொடுக்கிறார்கள். சுட்ட கருவாடுதான், வேறென்ன? பொருநராற்றுப்படையில் கரிகாலன் அவையில் கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த இறைச்சி வருகிறது. அரசன் வீட்டில் இறைச்சி, கரையில் மீன். இரண்டுக்கும் நெருப்பு ஒன்றே.

குருநகருக்குப் பழைய பெயர் கரையூர். யாழ்ப்பாண நகரின் தெற்கு விளிம்பில், கடல்நீரேரியைப் பார்த்தபடி, புனித யாகப்பர் ஆலயக் கோபுரத்தின் கீழ் அமைந்த ஊர். எண்பதுகளின் தொடக்கத்தில், பாடசாலை விடுமுறைகளில், அங்குள்ள என் வகுப்புத் தோழன் வீட்டுக்குப் போவேன். விடியலில் படகு வரும். நல்ல மீன் கூறப்பட்டு ஏலம் போகும். வலையில் கிழிந்தது, கூறலுக்கு ஒவ்வாதது, சிறிய சூடை, கையளவு கணவாய் எல்லாம் ஒதுக்கப்படும். அவற்றுக்குத்தான் நெருப்பு மூட்டுவார்கள். பனங்கொட்டையிலிருந்து பூரான் எடுத்தபின் எஞ்சும் ஊமலைச் சுட்டுக் கரியாக்கி வைத்திருப்பார்கள். ஊமற்கரி சுவாலையின்றி நின்று கனலும். மீனுக்குச் செதில் களைவதில்லை. உப்புத் தவிர வேறெதுவும் இல்லை. கருகிய தோலை உரித்தால் உள்ளே வெண்சதை ஆவி பறக்கும். பக்கத்தில் சுட்ட செத்தல் மிளகாயும் வெங்காயமும் சேர்த்து இடித்த சம்பல். எவரும் அதற்குக் காசு கேட்டதில்லை.

மிஞ்சியதைச் சுடுவது குருநகருக்கு மாத்திரம் உரியதன்று. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் நடுப்பகுதியில் குடியேறிய ஜேர்மானிய, செக் இறைச்சிக் கடைக்காரர்கள், விலைபோகாமல் மிஞ்சிய மாட்டிறைச்சியைக் கெடாதிருக்கப் புகையூட்டினர். பருத்தி பறிக்க வந்த தொழிலாளர் அதை வாங்கி, தாளில் வைத்தே தின்றனர். புகழ்பெற்ற டெக்சாஸ் பாணி அப்படிப் பிறந்தது. கரோலினாவில் முழுப் பன்றிக்கு வினாகிரி, மெம்பிஸில் விலாவெலும்பு, கன்சாஸ் சிற்றியில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹென்றி பெரி என்ற கறுப்பினச் சமையற்காரர் தொடக்கிவைத்த வழியில் இன்று இனிப்பும் புளிப்புமான தக்காளிக் குழம்பு. மிஞ்சிய இறைச்சியும் மலிந்த விறகும் மூட்டியவர் கையிலேயே இருந்தன. ஆகவே நெருப்பு கடையாயிற்று.

குருநகரில் அது ஏன் கடையாகவில்லை? முதலாவது காரணம் பனிக்கட்டி. அறுபதுகளின் பிற்பகுதியில் நோர்வே உதவியுடன் காரைநகரில் தொடங்கப்பட்ட சீநோர், குருநகரில் வலைத் தொழிற்சாலை அமைத்தது. நைலோன் வலையும் இயந்திரமும் பனிக்கட்டியும் வந்தபின் இறாலும் நண்டும் கொழும்புக்கும் அதற்கு அப்பாலும் பயணம் போயின. அது மீனவருக்கு வருமானம் தந்தது. அதனைக் குறைகூற மாட்டேன். ஆயினும் கரையில் மிஞ்சுவது குறைந்தது.

இரண்டாவது காரணம் போர். 1986 ஜூன் 10ஆம் திகதி மண்டைதீவுக் கடலில் குருநகர் மீனவர் முப்பதுக்கும் மேற்பட்டோர் கடற்படையினரால் கொல்லப்பட்டனர். என் தோழனின் தெருவில் எத்தனையோ வீடுகளில் அன்றிரவு அடுப்பெரியவில்லை. பின்னர் தடைகள்: இரவில் கடலுக்குப் போகத் தடை, தூரத்துக்குத் தடை, இயந்திரத்துக்குத் தடை, மண்ணெண்ணெய்க்குத் தடை. 1993 நவம்பர் 13இல் யாகப்பர் ஆலயத்தின்மீது குண்டு விழுந்தது. நான் அப்போது இளம் செய்தியாளன். அச்சுத்தாள் இன்றிக் கொப்பித் தாளில் பத்திரிகை அச்சிட்ட காலம். அந்தக் கரையில் இரவில் நெருப்பு மூட்டுவது, இலக்கைக் காட்டிக்கொடுப்பதற்குச் சமம். வீடுகளுக்குள் கங்குமட்டை எரித்துக் கருவாடு சுட்டோம். 1995 ஒக்டோபர் இறுதியில் அதுவும் நின்றது. வலிகாமமே எழுந்து நடந்தது.

இனி நண்பரின் கடைக்கு வருகிறேன். 2017இல் தொடங்கியபோது பலகையில் ‘சுட்ட மீன்’ என்றுதான் எழுதினார். ஒருவரும் உள்ளே வரவில்லை. “வீட்டில சுடுறதுக்கு ஏன் தம்பி கடைக்கு வரவேணும்?” என்று கேட்டாராம் ஒரு பெரியவர். பலகையை மாற்றிப் ‘பார்பிக்யூ’ என்றதும் இளைஞர்கள் வந்தார்கள். வந்து கோழி கேட்டார்கள்.

டெக்சாஸ்காரருக்கு மாட்டிறைச்சி பன்னிரண்டு மணிநேரம் வேகவேண்டும். எடையில் பாதிக்குக் கிட்ட இழக்கும். விறகுச் செலவும் உறக்கமின்மையும் அவர் துன்பம். நண்பரின் துன்பம் நேர்மாறானது. மீன் பத்து நிமிடத்தில் வெந்துவிடும். ஆனால் காலையில் வாங்கிய மீன் இரவு மேசைக்கு வரும்வரை அவருக்கு நெஞ்சு பதைக்கும். நண்டின் விலையைச் சிங்கப்பூர் தீர்மானித்தது. மிஞ்சிய சிறு மீனை நகரத்து வாடிக்கையாளர் முள்ளென்று ஒதுக்கினர்.

நாட்காட்டியும் அவருக்கு எதிராக நின்றது. வெள்ளிக்கிழமை சைவர் வரமாட்டார். தவக்காலத்தில் அவருடைய சொந்த ஊரவரே விருந்தைத் தவிர்ப்பர். புலம்பெயர்ந்தோர் கைநிறையக் காசோடு வருவது ஜூலை, ஓகஸ்டில். அப்போதுதான் நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாட்கள். முற்றம் நிறைய விருந்தினர், மச்சம் தின்ன ஆளில்லை. நவம்பரில் வாடைக்காற்றும் மழையும் திறந்தவெளி அடுப்பை அணைத்துவிடும்.

கரியும் எளிதில் கிட்டவில்லை. ஊமலைச் சேர்த்துச் சுடுவோர் அருகிவிட்டனர். சிரட்டைக்கரி தண்ணீர் சுத்திகரிக்கும் தொழிலுக்கென்று வெளிநாடு போகிறது. நண்டு போனது, இறால் போனது, கரியுமா என்று அவர் சிரித்தது நினைவிருக்கிறது.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின் பயணிகள் நின்றனர். அடுத்த ஆண்டு கொரோனா. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. படகுகள் கரையில் கிடந்தன. இந்திய இழுவைப்படகுகளைப் பற்றி நான் பல தடவை எழுதியுள்ளேன். குருநகரிலும் இழுவைத் தொழில் நடந்ததை மறைப்பது நேர்மையாகாது. 2017இல் சட்டம் அதைத் தடைசெய்தது. அடித்தளத்தை யார் அள்ளினாலும் கூறலுக்கு வரும் மீன் குறையும். நண்பர் கடையைப் பூட்டினார். கனடாவில் சேர்த்ததில் பெரும்பகுதி அத்தோடு போயிற்று.

தட்டியைப் பார்க்கப் போனேன். ஆறடி நீளம், நல்ல கனம். வாங்க வந்தவர் திருமண மண்டபம் நடத்துபவர். கோழிக்குக் கம்பிகள் நெருக்கமாக இருக்கின்றன என்று விலையைக் குறைத்துக் கேட்டார். சூடை மீன் விழாதிருக்கவே அப்படி நெருக்கி ஒட்டுவித்ததாக நண்பர் சொன்னார். பேரம் படியவில்லை. மாலையில் அதை மூன்று பேர் சேர்ந்து தூக்கிக் கரைக்குக் கொண்டுபோனோம். தோழனின் தம்பி எங்கிருந்தோ அரைச்சாக்கு ஊமல் கொண்டுவந்தார். எல்லாம் ஈரம், பிடித்தெரிய ஒரு மணிநேரம் எடுத்தது.