பசு குடிக்காத தண்ணீரும் கரிசல் காட்டு இலையும்

மலச்சிக்கல் என்று நாலு பேர் நடுவிலே பேச யாருக்கும் கூச்சம்தான். ஆனால் அதுக்கு மருந்து தேடின கதையைக் கூசாமல் கேட்கலாம். அதிலே மாடும் வருது, வெள்ளாமையும் வருது.

இங்கிலாந்திலே லண்டனுக்குத் தெற்கே எப்சம் என்று ஓர் ஊர். 1618-ஆம் வருஷம், மழை பொய்த்த கோடை. ஒரு குடியானவர் மேய்ச்சல் நிலத்துக் குழியிலே தண்ணீர் கிடப்பதைப் பார்த்து, அதை அகலமாகத் தோண்டி மாடுகளை ஓட்டிப் போனாராம். தாகத்தோடு வந்த மாடுகள் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டன. அவ்வளவு கசப்பு! மனுஷர் குடித்தார்கள், வயிறு கழிந்தது. 1695-இல் நெகமையா குரூ என்ற மருத்துவர் அந்தத் தண்ணீரின் உப்பைப் பற்றி நூலே எழுதினார். நாம் பேதி உப்பு என்கிறோமே, அதுதான். குடலுக்குள்ளே தண்ணீரை இழுத்து வைத்து மலத்தை இளக்கும்.

அந்த நாளிலே எந்த நோயானாலும் வயிற்றைக் கழுவிவிட்டால் தீரும் என்று நம்பினார்கள். பேதி கடுமையாகப் போனால்தான் மருந்து நல்ல மருந்து. அமெரிக்காவில் பெஞ்சமின் ரஷ் என்ற பேர்போன டாக்டர், கலோமல் என்ற பாதரச உப்பையும் ஜாலப் என்ற கிழங்கையும் சேர்த்து மாத்திரை செய்தார். 1804-இல் மேற்கே வழி காணப் புறப்பட்ட லூயிஸ், கிளார்க் கூட்டத்தார் அதில் 600 மாத்திரை கொண்டுபோனார்கள். 2002-இல் அவர்கள் தங்கிய ஓரிடத்துக் கக்கூஸ் குழி மண்ணைச் சோதித்தால், அதிலே பாதரசம்! கலோமலை ஓயாமல் தின்றவர்களுக்கு எச்சில் ஒழுகி, வாய் புண்ணாகி, பல்லே ஆடி விழுந்தது. எச்சில் ஒழுகுவதை, மருந்து பிடித்ததுக்கு அடையாளம் என்று டாக்டர்களே எண்ணியிருந்தார்கள். என்ன கொடுமை பாருங்கள்.

இவ்வளவு கொடுமை இல்லாத ஓர் இலையும் அப்போதே இருந்தது. நிலாவாரை. அரபு வைத்தியர்கள் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே கையாண்டது. எகிப்தின் அலெக்சாண்டிரியா துறைமுகம் வழியாக ஐரோப்பாவுக்குப் போயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே நம்ம திருநெல்வேலிச் சீமையில் விளைந்த இலையும் கப்பல் ஏறியது. மருந்து நூல்களில் இன்றும் அதற்கு ‘டின்னவெல்லி சென்னா’ என்றே பெயர். சில ஊர்களில் இதை அவுரி என்பார்கள். நீலச் சாய அவுரி வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். 1941-இல் சுவிட்சர்லாந்தின் ஆர்தர் ஸ்டோல் இதன் சத்தைப் பிரித்துக் காட்டினார். அந்தச் சத்து இரைப்பையில் ஒன்றும் செய்யாது. பெருங்குடலில் இருக்கிற நுண்ணுயிர்கள் அதை உடைத்த பிறகுதான் குடலை அசைக்கும். ராத்திரி சாப்பிட்டால் விடியக்காலையில் வேலை செய்வது அதனாலேதான்.

விளக்கெண்ணெய் இதைவிட வேகம். சில மணி நேரத்திலே கலக்கிவிடும். இசப்கோல் உமி சாது. தண்ணீரில் ஊறிப் பருத்து மலத்தைப் பெருக்கும். ஆனால் நிறையத் தண்ணீர் குடிக்காவிட்டால் அதுவே அடைத்துக்கொள்ளும்.

வயிறு கடுமையாக வலித்து, வாந்தியும் எடுத்து, வெளிக்கும் போகவில்லை என்றால் இதில் எதையும் கொடுக்காதீர்கள். குடல்வால் வீங்கியிருக்கலாம், குடலே அடைத்திருக்கலாம். பேதி மருந்து கொடுத்தால் உள்ளேயே வெடித்துவிடக்கூடும். உடனே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.