மேடைக் குரலும் கூட்டத்தின் பதிவும்: எதிர்ப்புப் பாடகர்களின் ஒலி ஆவண வரலாறு

இசைத்தட்டுக் கம்பெனிகள் தமிழ் நாடகப் பாடகர்களைத் தேடித் தேடிப் பதிவு செய்துகொண்டிருந்த அதே காலத்தில், விஸ்வநாத தாஸ் மேடைக்கு மேடை கைதாகிக்கொண்டிருந்தார். சிவகாசியில் 1886இல் பிறந்தவர். முருகன் வேடத்தில் நின்றபடி வெள்ளைக்காரனைக் கொக்காக்கி அவர் பாடியதும், போலீஸ் வந்து மேடையிலேயே பிடித்துப் போனதும் தென்மாவட்டங்களில் இன்றும் பேசப்படும் கதைகள். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில், முருகனாக மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது. கிட்டப்பாவின் குரலையும் கே.பி. சுந்தராம்பாளின் குரலையும் இசைத்தட்டில் நாம் கேட்க முடிகிறது. தாஸ் எப்படிப் பாடினார் என்பதற்கோ, பார்த்தவர்கள் சொன்னதைத்தான் பெரிதும் நம்ப வேண்டியிருக்கிறது.

அதிகாரத்தை எதிர்த்துப் பாடிய மேடைப் பாடகர்களின் வரலாற்றை எழுத முனையும் எவரும் முதலில் வந்து நிற்கும் இடம் இது. நிறுவனங்கள் அவர்களைப் பதிவு செய்ய வரவில்லை, அல்லது காலம் கடந்து வந்தன. அவர்களைக் காத்தவர்கள் கேட்டவர்களே. தொடக்கத்தில் நினைவால் காத்தார்கள், பின்னால் கையில் கிடைத்த கருவியால். இந்தப் பதிவுகளை ரசிகர்களின் ஆர்வக் கோளாறு என்று ஆய்வுலகம் ஒதுக்கியது பெரிய இழப்பு. எதிர்ப்புப் பாட்டில் பாதி பாடகருடையது, மீதி கூட்டத்துடையது. அந்த மீதி கூட்டத்தின் பதிவில்தான் இருக்கிறது.

தேவிகுளம், 1958

கேரளத்தில் 1957இல் அமைந்த ஈ.எம்.எஸ்.ஸின் பொதுவுடைமைக் கட்சி அரசு மிகச் சிறிய பெரும்பான்மையில் நின்ற அரசு. தேவிகுளத்தில் அக்கட்சியின் ரோசம்மா புன்னூஸ் பெற்ற வெற்றி செல்லாது என்று தீர்ப்பாக, 1958இல் அங்கே மீண்டும் தேர்தல் நடந்தது. தொகுதியின் வாக்காளர்களில் பெரும் பங்கினர் தேயிலைத் தோட்டத் தமிழர்கள். அவர்களிடம் பாடப் பண்ணைப்புரத்திலிருந்து மலையேறியவர் பாவலர் வரதராசன். இளையராஜா, கங்கை அமரன் ஆகியோரின் அண்ணன், பொதுவுடைமைக் கட்சியின் மேடைப் பாடகர். ரோசம்மா வென்றார். அந்த வெற்றியில் பாவலரின் பாட்டுக்கும் பங்குண்டு என்று ஈ.எம்.எஸ். பாராட்டியதைத் தம்பிகள் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

அன்றைக்குச் சுருள்நாடா ஒலிப்பதிவுக் கருவி இருந்தது. ஆனால் அது கனமானது, விலை மிகுந்தது, மின்சாரம் இல்லாமல் ஓடாது. லயத்து வாசலில் நடந்த கூட்டத்துக்கு அதை யார் தூக்கி வருவார்? ஆகவே பாவலரின் பாட்டு நினைவுக்குள் மட்டுமே போனது. நினைவு எதை வைத்துக்கொள்கிறது, எதை விட்டுவிடுகிறது என்பதில் ஓர் ஒழுங்கு உண்டு. ஊரறிந்த மெட்டில் அன்றைய அரசியலை ஏற்றிப் பாடுவது பிரசாரப் பாடகர்களின் வழக்கம். மெட்டு முன்பே தெரிந்திருப்பதால் பல்லவி மனத்தில் ஒட்டிக்கொள்ளும். சரணங்கள் ஊருக்கு ஊர் மாறும். உள்ளூர் மேஸ்திரியின் பெயரோ, அந்த வாரத்துச் செய்தியோ ஓரிரவு நுழைந்து மறுநாள் உதிர்ந்துவிடும். எல்லாவற்றுக்கும் முன்னால் அழிவது இரண்டு பாட்டுக்கு நடுவில் பாடகர் பேசிய பேச்சு. பாட்டு எதைக் குறிவைத்தது என்பதற்கான சாவி அந்தப் பேச்சில்தான் இருந்திருக்கும்.

பாவலரைப் பற்றி இன்று நமக்குக் கிடைப்பவற்றில் பெரும்பகுதி மேடையில் இருந்தவர்களின் நினைவு, அதிலும் பின்னாளில் பெரும்புகழ் பெற்ற தம்பிகளின் நினைவு. கீழே தரையில் உட்கார்ந்து கேட்ட கொழுந்து பறிக்கும் பெண் என்ன கேட்டாள் என்பது வேறொரு சான்று. இந்த இரண்டையும் ஒன்றாகக் கருதி எழுதும் வழக்கம் மாற வேண்டும்.

அச்சு ஓரளவு கைகொடுத்தது. ஆ. இரா. வேங்கடாசலபதி ‘முச்சந்தி இலக்கியம்’ நூலில் ஆராய்ந்த குஜிலிப் புத்தகங்களின் மரபில், மலிவு விலைப் பாட்டுப் புத்தகங்கள் கூட்டங்களில் விற்றன. ஆனால் அவை சொல்லைத்தான் காக்கும். பாடகர் எந்தச் சொல்லில் நிறுத்தினார், எங்கே கூட்டம் குறுக்கே சிரித்தது என்பதை அச்சு அறியாது.

நாடா வந்த பிறகு

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய கேசட் தமிழ்நாட்டின் சிற்றூர்களைச் சேர ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின. வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் திரும்பியவர்கள் கொண்டுவந்த டூ இன் ஒன் அதற்கு வழிவகுத்தது. அந்தப் பெட்டியில் ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. கேட்பவரே பதிவும் செய்யலாம் என்பது அதற்குமுன் நினைத்துப் பார்க்க முடியாத உரிமை. 1993இல் வெளிவந்த பீட்டர் மானுவலின் ‘கேசட் கல்ச்சர்’, வட இந்தியாவில் இசைத்தட்டு முதலாளிகளின் பிடி இந்தச் சிறு பெட்டியால் தளர்ந்ததை விரிவாகக் காட்டியது.

கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அந்தச் சினத்தில் பிறந்த இன்குலாபின் ‘மனுசங்கடா’ கவிதை கே.ஏ. குணசேகரனின் குரலில் ஏறித்தான் சேரிக்குச் சேரி போய்ச் சேர்ந்தது. குணசேகரன் ஆய்வாளர், நாடகக்காரர், ‘வடு’ தன்வரலாற்றின் ஆசிரியர். ஒற்றைக் குரலால் ஒரு திடலையே எழுப்பியவர் என்பதைத்தான் நான் முதலில் சொல்வேன். எல்லைக்கு அப்பால் தெலுங்குப் பாடகர் கத்தர் இருந்தார். 1990இல் தலைமறைவிலிருந்து வெளிப்பட்டு ஐதராபாத் நிஜாம் கல்லூரித் திடலில் அவர் பாடக் கேட்கத் திரண்ட கூட்டம் தெலுங்கு நாட்டின் அரசியல் நினைவில் அழியாமல் நிற்கிறது. இருவர் குரலும் கேசட்டில் கைமாறின.

கூட்டப் பதிவுகளை ஆராய்வோர் கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. மைக் செட்காரரின் ஆம்ப்ளிஃபயரிலிருந்து நேரே ஒயர் எடுத்துப் பதிந்த நாடாவில் பாடகரின் மூச்சுகூடத் தெளிவாகக் கேட்கும், கூட்டம் இருக்காது. திடலில் மடியில் வைத்துப் பதிந்த நாடாவில் குரல் தொலைவில் கரகரக்கும். ஆனால் கைதட்டல், விசில், பக்கத்தில் அழுத குழந்தை, ‘இன்னொரு வாட்டி பாடுங்க’ என்ற கூவல் எல்லாம் இருக்கும். காதுக்கு இனியது முதலாவது. வரலாற்றுக்கு இரண்டாவதே மேல் என்பது என் முடிவு. கூட்டம் எந்த வரியில் எழுந்தது, எந்த வரியில் அமைதியானது என்பதை வேறெந்த ஆவணமும் சொல்லாது. 90 நிமிட நாடாவில் ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம். பக்கம் திருப்பும் நேரத்தில் ஒரு சரணம் போய்விடும். அந்த இடைவெளியும் சான்றுதான். அங்கே ஒரு மனிதர் இருட்டில் கருவியைத் திறந்து மூடிய நொடிகள் இருக்கின்றன.

லண்டனில் ஓர் இரவு

இங்கிலாந்தின் பங்க் இசைக்கும் இந்த மரபுக்கும் நேரடி உறவில்லை. ஆயினும் ஒப்பிட்டால் ஒன்று துலங்கும். 1976இல் லண்டனில் தோன்றிய ‘தி கிளாஷ்’ குழுவின் பாடகர் ஜோ ஸ்ட்ரம்மர். குழு கலைந்தபின் 1988இல் ‘பணக்காரர்களுக்கு எதிரான ராக்’ என்ற பெயரில் ஊர் ஊராகப் பாடினார். 1989இல் தம் பெயரில் தனித்தொகுப்பு வெளியிட்டார். அரங்குகள் சிறுத்தன, கம்பெனிகளின் ஆர்வமும் குறைந்தது. ரசிகர்கள் மட்டும் இரவுக்கு இரவு பதிந்து தமக்குள் நாடாக்களை மாற்றிக்கொண்டார்கள்.

2002 நவம்பர் 15 அன்று, ஊதிய உயர்வு கேட்டுப் போராடிய தீயணைப்புத் தொழிலாளர்களுக்காக ஆக்டன் டவுன் ஹாலில் அவர் தம் புதிய குழுவுடன் பாடினார். அவையில் நின்றிருந்த மிக் ஜோன்ஸ், கிளாஷிலிருந்து 1983இல் நீக்கப்பட்டவர், திட்டமேதுமின்றி மேடையேறி கிட்டாரை வாங்கிக்கொண்டார். 19 ஆண்டுகளுக்குப் பிறகு இருவரும் ஒரே மேடையில். அடுத்த மாதம் 22ஆம் நாள் ஸ்ட்ரம்மர் காலமானார். அந்த இரவின் ஒலி 2012இல்தான் இசைத்தட்டாக வெளிவந்தது.

எந்த இரவு வரலாறாகும் என்பது அந்த இரவில் யாருக்கும் தெரியாது. நிறுவனம் பெரிதென்று முன்கூட்டி முடிவு செய்ததைப் பதியும். ரசிகர் எல்லா இரவையும் பதிவார். தேவிகுளத்தில் நாம் இழந்தது இந்த ‘எல்லா இரவையும்’தான்.

கைப்பேசித் திரைகள்

2018 ஜனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெயின் பள்ளித் திடலில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதன்முதலாக மேடையேறியது. பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த 19 கலைஞர்கள். கானா, பறை, ராக், ராப். பெயர் அயோத்திதாசரின் சாதியற்ற தமிழர் என்ற சிந்தனையிலிருந்து வந்தது. இந்தத் திடலில் கேட்பவர் ஒவ்வொருவரிடமும் பதிவுக் கருவி இருந்தது. மேடையேறிய கலைஞர்களில் ஒருவரான அறிவு அரக்கோணத்துக்காரர். 2021இல் உலகமெங்கும் ஒலித்த ‘எஞ்சாயி எஞ்சாமி’யில் அவர் பாடியது, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளின் தலைமுறையை. பாவலர் பாடியபோது தோட்டத் தொழிலாளி கேட்பவராக இருந்தார். அறிவிடம் அந்தத் தலைமுறையின் பேரனே பாடுகிறார்.

கருவி பெருகியதால் காப்பு பெருகிவிடவில்லை. கைப்பேசிப் பதிவு அரை நிமிடத் துண்டாகிறது. பல்லவியை வைத்துக்கொண்டு நடுப்பேச்சை விட்டுவிடுகிறது. 1958இன் நினைவு விட்டுவிட்ட அதே பகுதி இப்போதும் விடுபடுகிறது. கைப்பேசி தொலைந்தால் எல்லாமே போயிற்று.

அறிவின் ஊரிலிருந்து திருத்தணி வழியே வடமேற்கே போனால் பள்ளிப்பட்டு. வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியோடு சென்னை மாநிலத்துக்கு வந்த பகுதி. தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கும் ஊர். குணசேகரனையும் கத்தரையும் ஒரே வீட்டில் கேட்டிருக்கக்கூடிய நிலம் என்பதால், கூட்டப் பதிவுகளைத் தேடும் களப்பணியை இங்கே தொடங்கலாம் என்பது என் பரிந்துரை. பொதட்டூர்பேட்டைத் தறிக்கூடங்கள், பழைய மைக் செட் கடைகள், மூடிப்போன ரெக்கார்டிங் சென்டர்கள், கட்சி அலுவலகப் பரண்கள் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும்.

காந்தநாடா ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், அதன் பூச்சு உதிரும். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற காப்பகங்களுக்கு நாடாவை மட்டும் கொடுத்தால் போதாது. எந்த ஊர்த் திடல், என்ன நிகழ்ச்சி, மேடைக்கு எவ்வளவு தொலைவில் கருவி இருந்தது, ஆம்ப்ளிஃபயர் ஒயரா கூட்டத்து மைக்கா, யாரிடமிருந்து யாருக்குப் படி போனது என்பதை வைத்திருப்பவரிடம் கேட்டு, அவர் குரலிலேயே பதிந்து உடன் சேர்க்க வேண்டும். கேசட் உறையின் அட்டையில் பேனாவால் எழுதிய பாட்டு வரிசையையும் அப்படியே படமெடுக்க வேண்டும். பதிந்தவர்களில் பலர் இப்போது அறுபதைக் கடந்தவர்கள்.