"அது ஆக்களில்ல சேர், ஸோம்பி"

விடுமுறை நாட்களில் பின்னேரமானால், கல்முனைக்குடி வீதியோர மதில்களில் நாலைந்து பிள்ளைகள் ஒரே போனைச் சுற்றிக் குனிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நாமும் ஒருநாள் எட்டிப் பார்த்தோம். ஒரு வாகனம், முன்னால் கூட்டம் கூட்டமாக ஸோம்பிகள். மோதினாலும் காசு, சுட்டாலும் காசு. அந்தக் காசில் பெரிய டயரும் பெரிய துவக்கும் வாங்கலாம். "இப்படி அடிக்கிறது பாவமில்லையாடா?" என்று கேட்டோம். "அது ஆக்களில்ல சேர், ஸோம்பி" என்றான் தரம் 8 மாணவன்.

இந்தப் பதில் அவன் கண்டுபிடித்ததல்ல. 1976இல் அமெரிக்காவின் எக்ஸிடி நிறுவனம், நாணயம் போட்டு விளையாடும் 'டெத் ரேஸ்' என்ற கேமை வெளியிட்டது. திரையில் ஓடும் குச்சி உருவங்களைக் காரால் மோத வேண்டும். மோதிய இடத்தில் ஒரு கல்லறைச் சிலுவை முளைக்கும். எதிர்ப்புக் கிளம்பியபோது நிறுவனம் சொன்னது, அவை மனிதர்களல்ல, 'கிரெம்லின்' என்ற பூதங்கள்!

1997இல் வந்த 'கார்மகெடன்' ஒளிவுமறைவில்லாமல் பாதசாரிகளையே மோத விட்டது. பிரித்தானியத் திரைப்படத் தணிக்கைச் சபை சான்றிதழ் தர மறுத்தது. உடனே பாதசாரிகள் ஸோம்பிகளானார்கள், சிவப்பு இரத்தம் பச்சையானது. ஜேர்மனியில் அவர்கள் ரோபோக்கள். காரும் வேகமும் மோதலும் அப்படியேதான் இருந்தன. (பிறகு மேன்முறையீட்டில் பழைய பதிப்புக்கும் பிரித்தானியாவில் அனுமதி கிடைத்தது.)

சரி, ஸோம்பி யார்? சொல் ஹெய்ட்டியிலிருந்து வந்தது. பிரான்ஸின் கீழ் அந்த மண்ணில் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் சுமார் 5 இலட்சம் ஆபிரிக்க அடிமைகள் கரும்பிலும் கோப்பியிலும் மாண்டுகொண்டிருந்தார்கள். ஹிங்குராணைப் பக்கம் கரும்பு வெட்டும் வெயிலைப் பார்த்தவர்களுக்கு இது கொஞ்சம் விளங்கும். செத்த பிறகும் மந்திரவாதி எழுப்பி வேலை வாங்கும் உடல்தான் அவர்களின் ஸோம்பி. மௌத்தானாலும் விடுதலையில்லை என்பதே அவர்களின் பயம். அந்த அடிமைகள் 1791இல் கிளர்ந்தார்கள், 1804இல் சுதந்திர நாடானார்கள். ஆனால் அமெரிக்கப் படங்கள் அந்தப் பாவப்பட்டவனைப் பயங்கரமாக்கின. 1968இல் ஜோர்ஜ் ரொமேரோவின் படத்தில் பிணங்கள் மனிதரைத் தின்றன. 1996இல் 'ரெசிடென்ட் ஈவில்' கேமில் ஸோம்பி ஒரு வைரஸ். கிருமிக்கு யார் இரக்கப்படுவது?

இந்த இடத்தில்தான் நமக்கு நெஞ்சு அடைக்கிறது. 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில், சாப்பாட்டில் மலட்டு மாத்திரை என்ற வதந்தியில் பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. பரிசோதனையில் அது வெறும் மாக்கட்டி. 2020இல் கொரோனாவைப் பரப்புகிறவர்கள் என்று நம்மைப் பார்த்தார்கள். அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லியும் நம் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. 20 நாள் குழந்தைகூடத் தப்பவில்லை. 2021 பெப்ரவரி கடைசியில்தான் அனுமதி வந்தது, அதுவும் ஓட்டமாவடிக்குக் கொண்டுபோய்.

கேம் விளையாடுபவன் இனவாதியாவான் என்று நாம் சொல்லவில்லை. அந்தப் பிள்ளையின் போனைப் பறிக்கவுமில்லை. பள்ளிக்கூடம் தொடங்கியதும் தரம் 8க்கு ஒரு பாடவேளை ஹெய்ட்டி பற்றி எடுக்கப்போகிறோம். பாடசாலைக்குப் போன் கொண்டுவர முடியாது, ஆகவே கரும்புத் தோட்டத்தைக் கரும்பலகையில்தான் வரைய வேண்டும்.