தோட்டத்தின் மேல் எழுந்த நகரம்: கெடா தமிழரின் அடையாளத் தலங்களை முன்வைத்து

சுங்கைப்பட்டாணியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மணிக்கூண்டிலிருந்தே தொடங்குவார்கள். ஜாலான் இப்ராஹிமில் நிற்கும் அந்த மணிக்கூண்டு 1936-இல் எழுப்பப்பட்டது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் ஆட்சி வெள்ளிவிழாவின் நினைவாக, ரப்பர் தோட்ட உரிமையாளர் லிம் லியன் தெங் நகருக்கு அளித்த கொடை அது. சுற்றுலாக் கையேடுகளும் நகராண்மைக் கழகத்தின் விளம்பரங்களும் இந்த ஒரு கட்டடத்தையே ஊரின் முகமாகக் காட்டுகின்றன. அது பிழையன்று. ஆனால் மணிக்கூண்டைச் சுற்றியிருந்த ரப்பர் காடும் அதில் பால் வெட்டியவர்களும் அந்தச் சித்திரத்தில் இடம்பெறுவதில்லை.

கெடாவின் தென்பகுதி நகரங்களான சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம், லுனாஸ், பாடாங் செராய் ஆகியவை தோட்டங்களோடு சேர்ந்து வளர்ந்தவை. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் மறைந்த பின்னரும் அவற்றின் வரைபடம் இந்த நகரங்களுக்குள் உயிரோடிருக்கிறது. பள்ளிப் பெயர்களிலும் சாலையோரக் கோயில்களிலும் ரயில் நிலையங்களைச் சுற்றிய நினைவுகளிலும் அதைப் படிக்கலாம். தனிக் கட்டடங்களை மட்டுமே மரபுச் சின்னமாகக் காணும் பார்வை இந்த வரைபடத்தை அழியவிடுகிறது என்பதும், அதைக் காக்கும் முதற்பொறுப்பு நம்முடைய கையிலேயே இருக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

1909-ஆம் ஆண்டு பாங்காக் உடன்படிக்கையால் கெடா சயாமின் மேலாண்மையிலிருந்து பிரிட்டிஷாரின் ஆதிக்கத்துக்கு மாறியது. அதையொட்டிய ஆண்டுகளில் கோல மூடா, கூலிம் மாவட்டங்களில் ரப்பர் பரவியது. பிறையிலிருந்து வடக்கே நீண்ட ரயில் பாதை 1915-இல் அலோர்ஸ்டாரை எட்டியது. 1918-இல் சயாம் எல்லையான பாடாங் பெசாரைத் தொட்டது. நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறி பினாங்கில் இறங்கிய தமிழர்களுக்கு, மூடா ஆற்றைக் கடந்துவிட்டால் கெடா. அந்த ஆறு இன்றும் இரு மாநிலங்களுக்கும் எல்லை. பழைய கூட்டரசு நெடுஞ்சாலையில் அதன்மேல் நிற்கும் மெர்டேக்கா பாலம் நாட்டின் விடுதலையைத் தன் பெயரில் தாங்கியது. பினாங்குப் பாலம் 1985-இல் திறக்கப்படும்வரை, ஆற்றுக்கு வடக்கே இருந்த தோட்டக் குடும்பங்கள் தைப்பூசத்துக்குப் பினாங்கின் தண்ணீர்மலைக்குப் போக மூடா ஆற்றைத் தாண்டி பட்டர்வொர்த் வந்து, அங்கிருந்து ஃபெர்ரியில் ஏற வேண்டியிருந்தது. பொறியியல் ஆவணங்கள் மெர்டேக்கா பாலத்தின் நீளத்தைச் சொல்லும். காவடியையும் கைக்குழந்தையையும் சோற்றுப் பொட்டலத்தையும் சுமந்து அதைக் கடந்தவர்களுக்கு அது வேறொரு இடம்.

தோட்டத்தின் உள்ளமைப்பைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். சடக்கிலிருந்து பிரியும் செம்மண் பாதையின் முகப்பில் மாரியம்மன் கோயிலோ முனீஸ்வரர் மேடையோ இருக்கும். மேட்டில் துரை பங்களா. அதற்குக் கீழே கிராணிமார் வீடுகள். அதற்கும் கீழே, தண்ணீர்க் குழாய் இருக்கும் பக்கமாக, வரிசை வரிசையாகத் தொழிலாளர் லயங்கள். விடிவதற்கு முன் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களம், பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகை, பால் நிறுக்கும் கொட்டகை, ஒதுக்குப்புறத்தில் கள்ளுக்கடை. இவை வெறும் வசதிகளாக அமையவில்லை. யார் யாருக்குக் கீழே, யார் எங்கே நிற்கலாம், எந்த நேரத்தில் எங்கே இருக்க வேண்டும் என்பதையெல்லாம் நிலத்தின்மேல் எழுதிவைத்த ஏற்பாடு அது. பெரிய தோட்டங்கள் பிரிவுகளாகப் பகுக்கப்பட்டன. ஒவ்வொரு பிரிவுக்கும் தனிக் கோயில், தனிப் பள்ளி. ஊருக்குள் ஒருவரைப் பார்த்தால் எந்தத் தோட்டம், எத்தனையாவது பிரிவு என்று கேட்பதே வழக்கம். சாலையோர ஊர்களை எத்தனையாவது கட்டை என்ற கணக்கில் சொன்னார்கள். மைல்கள் கிலோமீட்டராகி நெடுங்காலம் ஆன பிறகும் பெரியவர்கள் வழி சொல்லும்போது கட்டைக் கணக்கு வந்துவிடுகிறது.

இப்போது மணிக்கூண்டுக்குத் திரும்பினால் அதன் காலம் வேறாகப் புலப்படும். 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை வீழ்ந்தபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் மலாயாவிலிருந்து இந்தியாவுக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். எஞ்சியவர்களின் கூலி குறைக்கப்பட்டது. 1934-இல் ரப்பர் உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் அனைத்துலக ஒப்பந்தம் வந்தது. விலை மெல்ல ஏறியது. இரண்டாண்டுகளில் மணிக்கூண்டு எழுந்தது. கொடையாளியின் பெருந்தன்மையை நான் குறைத்துக் கூறவில்லை. ஆனால் அந்தக் கோபுரத்தை ஒரு மன்னரின் நினைவாக மட்டும் வாசிப்பது போதாது. நெருக்கடியைத் தாண்டி வந்த ரப்பர் பொருளாதாரத்தின் சாட்சியமாகவும், அந்த நெருக்கடியின் விலையைக் கொடுத்தவர்களின் சாட்சியமாகவும் அதை வாசிக்க வேண்டும்.

பீடோங்கில் அப்படி நிற்கும் கோபுரம் எதுவும் இல்லை. வடக்கே போகும் சாலையில் பலர் நிற்காமல் கடந்துவிடும் சிற்றூர் அது. ஆனால் மலாயாத் தமிழ்த் தொழிலாளர் வரலாற்றில் அதைவிட முக்கியமான ஊர்கள் மிகச் சிலவே. ஜப்பானியர் ஆட்சி முடிந்ததும் கெடாவின் தோட்டங்களில் தொண்டர் படை என்ற இளைஞர் இயக்கம் உருவானது. 1929-இன் இறுதியில் பெரியார் மலாயா வந்தபோது விதைத்த சீர்திருத்த எண்ணமும், இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்திருந்தவர்கள் பழகிய அணிவகுப்பும் அதில் கலந்திருந்தன. ஹார்வர்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ.எம். சாமி அதன் தலைவராக அறியப்பட்டார். அவர்கள் முதலில் கைவைத்தது கள்ளுக்கடையில். நிருவாகமே நடத்திய அல்லது அனுமதித்த கடையில் கூலி கரைவதை மறியல் செய்து தடுத்தார்கள். அதிலிருந்து கூலி, மரியாதை, தொழிற்சங்க உரிமை என்று போராட்டம் விரிந்தது. 1947-இன் தொடக்க மாதங்களில் பீடோங் வட்டாரத்தில் காவல்துறையோடு மோதல் ஏற்பட்டது. அதே ஆண்டு கூலிம் பக்கத்து டப்ளின் தோட்டத்தில் துப்பாக்கிச்சூடு நடந்தது. உயிர்கள் போயின, பலர் சிறை சென்றனர். அந்தப் போராட்டத்தின் இடங்களைத் தேடினால் கள்ளுக்கடை வாசல், பெரட்டுக்களம், பீடோங் சடக்கு என்றுதான் பட்டியல் வரும். கல்வெட்டு வைக்கத் தகுந்த கட்டடம் என்று எவரும் கருதாத இடங்கள் இவை. இங்குதான் கட்டடத்தை மட்டும் பார்க்கும் அளவுகோல் முற்றாகத் தோற்கிறது.

ரயில் நிலையங்களின் கதை இதைவிடக் கனமானது. கெடாவின் ஊடாகப் பாடாங் பெசாருக்குப் போகும் இதே பாதையில்தான் ஜப்பானியர் காலத்தில் பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர்கள் சரக்குப் பெட்டிகளில் ஏற்றப்பட்டு, பான் போங் வழியாக சயாம்–பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். திரும்பாதவர்கள் ஏராளம். மலேசியத் தமிழ்ப் புனைகதை இந்த நினைவை விடவில்லை: ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’, கெடாவைச் சேர்ந்த கோ. புண்ணியவானின் ‘கையறு’ ஆகிய நாவல்கள் இதற்குச் சான்று. வழியில் கடந்த கெடா நிலையங்களை அந்தக் கொடுமையின் தலங்களாக நம் வரலாற்றெழுத்து இன்னும் கருதவில்லை. இரட்டைத் தண்டவாளமும் மின்சாரமும் வந்து, 2015 முதல் பாடாங் பெசார்வரை விரைவு ரயில் ஓடுகிறது. கண்ணாடியும் இரும்புமான புதிய நிலையங்களில் அந்தப் பயணத்தைச் சொல்லும் ஒரு பலகையாவது இருந்திருக்கலாம்.

அலோர்ஸ்டார் ரயில் நிலையப் பகுதியில் ஒரு மதுரை வீரன் கோயில் இருந்தது. 1920 வாக்கில் ரயில்வே தொழிலாளர்கள் எழுப்பியதாகச் சொல்லப்பட்ட கோயில். 2020 ஜூலையில் அது இடிக்கப்பட்டது. அனுமதி, நில உரிமை என்று நிருவாகத் தரப்புக்கு ஒரு வாதம் இருந்தது. நூறாண்டு வழிபாடு என்று சமூகத்துக்கு ஒரு வாதம் இருந்தது. விவாதம் முழுவதும் சமயம், அரசியல் என்ற இரு தளங்களிலேயே நடந்தது. தண்டவாளம் போட்டவர்கள் அந்தத் தண்டவாளத்தின் அருகிலேயே விட்டுச்சென்ற தொழில் வரலாற்றுச் சின்னம் அது என்ற கோணம் போதிய அளவு எழவில்லை. எழுந்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ரயில் நிலையம் மரபு, அதன் கூலிகளின் கோயில் ஆக்கிரமிப்பு என்ற பிரிவினையை நாமும் மௌனமாக ஏற்றுக்கொண்டோம் என்பதே என் வருத்தம்.

ஆயிரமாண்டுப் பழைமைகூடத் தானாகக் காப்பளிப்பதில்லை என்பதற்குக் கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கே சான்று. 1936–37-இல் குவாரிட்ச் வேல்ஸ் அகழ்ந்த காலந்தொட்டு உலகறிந்த தொல்லியல் வட்டாரம் அது. மெர்போக்கில் 1980 முதல் அருங்காட்சியகமும் இருக்கிறது. இருந்தும் பீடோங் அருகே சுங்கை பத்து தோட்டப் பகுதியில் இருந்த 11-ஆம் எண் சண்டி (பழங்கோயில் எச்சம்), வீடமைப்புக்காக நிலம் சமன்செய்யப்பட்டபோது தகர்க்கப்பட்டது 2013-இல் வெளிவந்தது. நிலம் தனியாருடையது, தலம் அரசிதழில் பதிவாகவில்லை என்பதே கிடைத்த பதில். 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் அப்போது நடப்பில் இருந்தது. பதிவு இல்லாவிட்டால் சட்டம் இருந்தும் பயனில்லை. கெடாவைச் சோழர் கடாரம் என்று பெருமிதம் கொள்ளும் நாம், அதே மண்ணில் நம் தாத்தா பாட்டி வாழ்ந்த லயங்களைப் பதிவு செய்யக் கேட்டதுண்டா?

பிற நாடுகள் இதை எப்படி அணுகின என்று பார்ப்பது பயன் தரும். பிரிட்டனில் 1967-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, தனிக் கட்டடத்தைத் தாண்டி ஒரு வட்டாரம் முழுவதையும் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்க வழிசெய்தது. மான்செஸ்டரின் உள்நகரில் உள்ள காசில்பீல்ட் அப்படிக் காக்கப்பட்டது: கால்வாய்கள், சரக்குக் கிடங்குகள், ரயில் மேம்பாலங்கள், 1830-இல் திறந்த லிவர்பூல் ரோடு நிலையம் எல்லாம் சேர்ந்த ஒரே பரப்பு. கரியும் பஞ்சுமூட்டையும் சுமந்த அழுக்குப் பேட்டை அது. அழகுக்காக எவரும் அதைக் காக்கவில்லை. உழைப்பு நடந்த இடம் என்பதே தகுதியாயிற்று. மூடா ஆற்றுக்குத் தெற்கே ஜார்ஜ் டவுன் 2008-இல் உலக மரபுத் தலமானபோதும் வட்டாரமே அலகாகக் கொள்ளப்பட்டது. வடகரைக்கு அந்தச் சிந்தனை வரவில்லை.

அதற்குள் நிலம் மாறிவிட்டது. கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996-இல் திறக்கப்பட்டது. ஹார்வர்ட் தோட்டத்தின் பெயரில் ஒரு கோல்ப் திடல் உருவானது. 2001-இல் தோன்றிய எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் செமிலிங்கில் நிலைகொண்டது. ஒருகாலத்தில் பால்வாளி தூக்கிய வட்டாரத்தில் மருத்துவம் படிக்கிறார்கள், இது பெருமைக்குரிய மாற்றம். மற்ற இடங்களில் தாமான் குடியிருப்புகளும் மலிவுவிலை அடுக்குவீடுகளும். வெளியேறிய குடும்பங்களின் உலகத்தை சுங்கைப்பட்டாணியின் சீ. முத்துசாமி ‘மண்புழுக்க’ளிலும், லுனாஸில் வளர்ந்த ம. நவீன் ‘பேய்ச்சி’யிலும் எழுதியிருக்கிறார்கள். கெடாவின் தோட்ட வாழ்க்கைக்கு நாவலில் கிடைத்த இடம் நகரத் திட்டத்தில் கிடைக்கவில்லை.

எஞ்சியிருக்கும் வலுவான சான்று பள்ளிப் பெயர்கள். ஹார்வர்ட் தோட்டத் தமிழ்ப்பள்ளி பிரிவு 1, பிரிவு 2, பிரிவு 3 என்று மூன்று பள்ளிகள் இருக்கின்றன. வேறெந்த ஆவணமும் இல்லாவிட்டாலும் அந்த மூன்று பெயர்ப்பலகைகளைக் கொண்டே ஒரு பெருந்தோட்டத்தின் உட்பிரிவை மீட்டெடுக்கலாம். பாடாங் செராயில் விக்டோரியா, ஹென்றியட்டா, சுங்கைப்பட்டாணியில் ஸ்கார்பரோ. துரைமார் சூட்டிய பெயர்கள்தாம். ஆனால் மூன்று தலைமுறையாகத் தமிழ் நாவில் புழங்கி அவை நம்முடையவை ஆகிவிட்டன.

‘தோட்டம்’ என்ற சொல்லைப் பள்ளிப் பெயரிலிருந்து நீக்க வேண்டும் என்ற குரல் அவ்வப்போது எழுகிறது. தோட்டப்பிள்ளை என்று ஏளனம் கேட்டு வளர்ந்தவர்களின் வலி அதற்குப் பின்னால் இருக்கிறது. அந்த வலியை நான் மதிக்கிறேன். ஆனால் முடிவோடு உடன்பட முடியாது. நிலமும் லயமும் கோயிலும் போன பிறகு, நாம் இங்கே இருந்தோம் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டிருக்கும் கடைசி எழுத்து அந்தப் பெயர்ப்பலகை. அதை நம் கையாலேயே அழிப்பது, சண்டியை இடித்த எந்திரத்தின் வேலையை நாமே செய்து கொடுப்பதாகும்.

தாமான் சாலைகளுக்குப் பழைய தோட்டப் பெயர்களையும் பிரிவுப் பெயர்களையும் இடும்படி நகராண்மைக் கழகங்களை வற்புறுத்துவது நடக்கக்கூடிய காரியம். எஞ்சிய தோட்டக் கோயில்களை நில உரிமைச் சிக்கல் வருமுன்பே பதிவு செய்வது அவசரமான காரியம். இவற்றுக்கெல்லாம் முன்னால், பள்ளி வாரியங்களிடமும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களிடமும் ஒன்று கேட்கிறேன். பெயர் மாற்றத் தீர்மானம் உங்கள் கூட்டத்துக்கு வந்தால், தோட்டத்தில் பிறந்த முதியவர்களை அழைத்து, லயம் எங்கே, பெரட்டுக்களம் எங்கே, கோயில் எங்கே என்று கேட்டு ஒரு வரைபடம் வரைந்து பள்ளிச் சுவரில் மாட்டுங்கள். அதைப் பிள்ளைகள் பார்த்த பிறகு வாக்கெடுங்கள்.