பலமனேர் எல்லைப்புறத்தில் முறை அறிதல்: தமிழ், தெலுங்கு உறவுமுறைச் சொற்கள் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

திருமண வீட்டிலோ துக்க வீட்டிலோ முன்பின் அறியாத உறவினர் இருவர் சந்திக்கும்போது, பெரியோர் முதலில் எழுப்பும் வினா 'உனக்கு அவன் என்ன முறை வேண்டும்?' என்பதாகும். தெலுங்கு பேசுவோர் இதனையே 'ஏ வரச அவுதாடு?' என்று கேட்பர். தமிழில் முறை எனவும் தெலுங்கில் வரச எனவும் வழங்கும் இவ்வொழுங்கு, எல்லைப்புற ஊர்களில் இருமொழி மக்களுக்கும் பொதுவானது. அத்தகைய ஊர்களுள் ஒன்று பலமனேர். கிழக்கே சித்தூரும் தெற்கே குடியாத்தமும் மேற்கே கன்னடநாட்டு முளுபாகலும் சூழ அமைந்த இவ்வூர், வடஆர்க்காடு மாவட்டத்தில் இருந்து 1911இல் புதிதாக உருவான சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1953இல் அம்மாவட்டம் ஆந்திர மாநிலத்தின் பகுதியாயிற்று. ஆட்சி எல்லைகள் மாறினும் உறவைக் கணிக்கும் முறை மாறவில்லை. அக்கணிப்பு எவ்வாறு இயங்குகிறது, உலக மானிடவியல் வரலாற்றில் அது பெற்ற இடம் யாது, இன்று அது எதிர்கொள்ளும் இழப்பு யாது என்பனவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முறைப்பெயர்களும் இரு பிரிவுகளும்

முறைப்பெயர் என்னும் வகைப்பாடு தமிழ் இலக்கண மரபில் மிகப் பழமையானது. தொல்காப்பியப் பெயரியல் விரவுப்பெயர்களுள் ஒன்றாக அதனைக் கொண்டு, பெண்மை முறைப்பெயர், ஆண்மை முறைப்பெயர் என இரண்டாகப் பகுக்கிறது.

பெற்றோரின் உடன்பிறந்தார் மக்களைத் தமிழ் ஒரே சொல்லால் சுட்டுவதில்லை. தந்தையின் சகோதரர் மக்களும் தாயின் சகோதரியர் மக்களும் அண்ணன், தம்பி, அக்காள், தங்கை ஆவர். தாயின் சகோதரர் மக்களும் தந்தையின் சகோதரியர் மக்களும் அத்தான், மைத்துனன், மதனி, கொழுந்தி ஆவர். தெலுங்கில் முன்னவர் அன்ன, தம்முடு, அக்க, செல்லெலு என்றும், பின்னவர் பாவ, பாவமரிதி, வதின, மரதலு என்றும் வழங்குவர். சொற்கள் சில ஒத்தும் சில வேறுபட்டும் அமையினும் பிரிவு ஒன்றே. முன்னவரிடையே மணவுறவு விலக்கப்பட்டது, பின்னவரிடையே ஏற்கப்பட்டது. தெலுங்கர் இதனை மேனரிகம் என்பர். மாமன் மகளையும் அத்தை மகளையும் மணத்தல் தென்னாட்டு வழக்கம் என்று போதாயன தருமசூத்திரம் சுட்டுவதால் இதன் தொன்மை விளங்கும்.

தொலைவுறவைக் கணிக்கும் விதி

உடன்பிறந்தார் மக்கள் அளவில் முறை அறிதல் எளிது. அடுத்த தலைமுறையில்தான் கணிப்புத் தேவைப்படுகிறது. இருவருக்கு இடையேயான முறையை அறிய, அவர்தம் பெற்றோருள் எவர் வழியாக உறவு வருகிறதோ அவ்விருவரின் பாலையும், அவர்கள் ஒருவருக்கொருவர் கொண்ட முறையையும் நோக்குதல் வேண்டும். இதனை நான்கு நிலைகளாகத் தொகுக்கலாம்.

1. பெற்றோர் இருவரும் ஒரே பாலினராய், உடன்பிறந்தார் முறையினராய் இருப்பின் மக்களும் உடன்பிறந்தார் முறையினரே.

2. ஒருவர் ஆணும் மற்றவர் பெண்ணுமாய், உடன்பிறந்தார் முறையினராய் இருப்பின் மக்கள் மாமன், அத்தை மக்கள் முறையினர்.

3. இருவரும் ஒரே பாலினராய், மைத்துன முறையினராய் இருப்பின் மக்கள் மாமன், அத்தை மக்கள் முறையினரே. தந்தையின் மைத்துனன் மகனுக்கு மாமன் ஆதலே இதற்குக் காரணம்.

4. ஒருவர் ஆணும் மற்றவர் பெண்ணுமாய், மணமுறை உடையவராய் இருந்து வெவ்வேறிடத்தில் மணந்திருப்பின், அவர்தம் மக்கள் உடன்பிறந்தார் முறையினர். தந்தை மணந்திருக்கக் கூடிய பெண் மகனுக்குத் தாய் முறையினள் ஆவாள்.

இவ்விதிகளை ஒரு கதையின் வழிச் சோதிக்கலாம். அபிமன்யு பலராமன் மகளை மணந்த கதை வியாச பாரதத்தில் இல்லை. தென்னாட்டுக் கதை மரபில் அது பெருவழக்காக உள்ளது. 1957இல் தெலுங்கிலும் தமிழிலும் எடுக்கப்பட்ட 'மாயா பஜார்' திரைப்படம் அதனை இருமொழியினரும் அறியச் செய்தது. தாய் சுபத்திரை வழி நோக்கின், பலராமன் அவள் தமையன். ஆகவே அபிமன்யுவுக்கு மாமன். இஃது இரண்டாம் விதி. தந்தை அருச்சுனன் வழி நோக்கின், அவன் தாய் குந்தி பலராமனின் தந்தை வசுதேவரின் சகோதரி. ஆகவே அருச்சுனனும் பலராமனும் மைத்துனர். மூன்றாம் விதிப்படி அவர்தம் மக்கள் மணமுறை உடையவர். எவ்வழியில் கணித்தாலும் விடை ஒன்றே. மாமன் மகளை மணக்கும் வழக்கம் தலைமுறைதோறும் தொடர்வதால் முறைகள் முரண்படாமல் பின்னிக்கொள்கின்றன என்பதற்கு இது தக்க சான்றாகும்.

வேலூரிலிருந்து சென்ற பட்டியல்

இக்கணிப்பு உலக ஆய்வுலகின் கவனத்தைப் பெற்றதற்கு வடஆர்க்காடே வாயிலாக அமைந்தது. அமெரிக்க அறிஞர் லூயிஸ் ஹென்றி மார்கன், செனகா எனும் செவ்விந்திய மக்களின் உறவுமுறைகளை ஆராய்ந்து, அவற்றை ஒத்தவை ஆசியாவில் உளவோ எனத் தேடினார். 1853இல் தொடங்கப்பட்ட அமெரிக்க ஆர்க்காடு மிஷனைச் சார்ந்த ஸ்கடர் குடும்பத்தார் அவருக்கு உதவினர். வேலூரிலிருந்த எசக்கியேல் ஸ்கடர் தமிழ், தெலுங்கு உறவுமுறைப் பட்டியல்களை நிரப்பி அனுப்பினார். பலமனேரும் இம்மிஷனின் பணித்தலங்களுள் ஒன்றாக இருந்தது. அப்பட்டியல்கள் ஸ்மித்சோனியன் நிறுவனம் 1871இல் வெளியிட்ட மார்கனின் பெருநூலில் இடம்பெற்றன.

தமிழரும் செனகரும் ஒரே முறையைக் கொண்டவர் என்று கருதிய மார்கன், செவ்விந்தியர் ஆசியாவிலிருந்து வந்தமைக்கு இதனைச் சான்றாகக் கொண்டார். இம்முடிவு பின்னர் ஏற்கப்படவில்லை. மேற்காட்டிய மூன்றாம், நான்காம் விதிகளில் இரு முறைகளும் மாறுபடுகின்றன. செனகர் பெற்றோரின் பாலை மட்டுமே நோக்குவர்; ஆகவே தந்தையின் மைத்துனன் மக்கள் அவர்களுக்கு உடன்பிறந்தாராவர். மார்கன் இம்மாறுபாட்டைக் கண்டும் அதற்கு முதன்மை தரவில்லை. 1964இல் ஃபிளாய்ட் லவுன்ஸ்பரி இதனைத் தெளிவுபடுத்தினார். அதற்கு முன்பே, 1953இல், லூயி துய்மோன் திராவிட உறவுமுறைச் சொற்கள் மணவுறவையே வெளிப்படுத்துகின்றன என நிறுவியிருந்தார். தாமஸ் டிரவுட்மனின் 1981ஆம் ஆண்டு நூல் இம்முறையின் வரலாற்றை விரிவாக ஆராய்ந்தது. அபிமன்யுவின் முறையைச் செனகர் விதிப்படி கணித்தால், தந்தை வழியில் தங்கையும் தாய் வழியில் மணப்பெண்ணும் ஒருத்தியே ஆவாள் என்பது நோக்கத்தக்கது.

'கசின்' எனும் சொல்லும் சட்டமும்

ஆங்கில வழக்கு உறவின் தொலைவை எண்ணும். தமிழ், தெலுங்கு வழக்குகள் உறவின் திசையை உணர்த்தும். இன்று படித்தோர் பேச்சில் அண்ணன், அத்தான், பாவ ஆகிய யாவும் 'கசின்' என்னும் ஒரு சொல்லில் அடங்கிவிடுகின்றன. மாமனும் சிற்றப்பனும் 'அங்கிள்' ஆகின்றனர். பெரியப்பன் மகளும் மாமன் மகளும் ஒரே பெயர் பெறும்போது, அடுத்த தலைமுறையின் முறையைக் கணிக்க அடிப்படையே இல்லாது போகிறது.

இது சொல்லிழப்பு மட்டுமன்று. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் விலக்கப்பட்ட உறவுகளுக்கிடையே மணத்தைத் தடுத்து, இரு தரப்பாரின் வழக்காறு அனுமதிப்பின் அதற்கு இடமளிக்கிறது. அவ்வழக்காறு நெடுங்காலமாகத் தொடர்ந்தும் ஒருசீராகவும் பின்பற்றப்பட்டதாக இருத்தல் வேண்டும். ஆகவே எது முறை, எது முறையன்று எனும் அறிவு சட்ட மதிப்பும் உடையதாகிறது. நெருங்கிய உறவில் மணப்பதன் மரபணு இடர்ப்பாடுகளை மருத்துவம் எடுத்துரைப்பதால் இத்தகைய மணங்கள் குறைவது இயல்பே. மணம் குறையினும், யார் எவருக்கு என்ன வேண்டும் என்னும் அறிவு அழியவேண்டுவதில்லை.

முடிவுரை

முறை என்பது இரத்த உறவின் நெருக்கத்தை அளக்கும் கருவியன்று. மணவுறவையும் உட்கொண்டு தலைமுறைதோறும் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் கணக்கு என்பது பெறப்படுகிறது. எல்லைகள் வரையப்படுவதற்கு முன்பே தமிழரும் தெலுங்கரும் இக்கணக்கைப் பகிர்ந்துகொண்டனர். 19ஆம் நூற்றாண்டில் வேலூரிலிருந்து சென்ற பட்டியல் சொற்களைப் பதிவுசெய்தது. கணிக்கும் திறனோ முதியோர் நினைவிலேயே தங்கியுள்ளது. பலமனேர் போன்ற எல்லைப்புற ஊர்களில் இருமொழிக் குடும்பங்களின் முறைச்சொற்களை, அவர்கள் முறை அறியும் வழியோடு சேர்த்துத் தொகுத்தல் தமிழாய்வாளரும் தெலுங்காய்வாளரும் இணைந்து விரைந்து செய்யவேண்டிய பணியாகும்.