வாள் வென்றதா, கதை வென்றதா?

திரைப்படத்தின் இறுதிச் சண்டையில் கதாநாயகன் பெறும் வெற்றி நம்பத்தக்கதுதானா? நம் இல்லங்களில் அடிக்கடி எழும் இவ்வினாவிற்கு விடை காண, 1948-ஆம் ஆண்டில் ஜெமினி நிறுவனத்தார் தமிழிலும் இந்தியிலும் அளித்த ‘சந்திரலேகா’வை நோக்குவோம். எஸ். எஸ். வாசன் இயக்கிய அப்படத்தின் முடிவில், மூத்த இளவரசராக வரும் எம். கே. ராதாவும், கொடிய இளவலாக வரும் ரஞ்சனும் நெடுநேரம் வாட்போர் புரிகின்றனர். ரஞ்சன் மெய்யாகவே வாட்பயிற்சி பெற்றவர். எனினும், தோற்பவர் அவரே.

1949-இல் அந்நிறுவனமே ‘அபூர்வ சகோதரர்கள்’ கதையைப் படமாக்கியது. தமிழில் ராதா நாயகர். ‘நிஷான்’ என்ற இந்திப் படத்திலோ ரஞ்சன் நாயகர். தோற்ற கையே வென்ற கையாயிற்று! எனவே, வெற்றியை வழங்குவது வாளன்று, கதையே என்பது தெளிவு.

ஆயினும், ‘சந்திரலேகா’வின் முடிவை நாம் ஐயுறுவதில்லை. ஏன்? முரசு நடனம் முடிந்ததும், முரசுகளுக்குள் மறைந்திருந்த வீரர்கள் வெளிப்பட்டுப் பாய்கின்றனர். கொடியவனின் படைவலி அப்பொழுதே குலைந்துவிடுகிறது; வாட்போர் அதன் முடிவுரையே. பலர் கூடி முயன்ற பின்னர் வருவதாலன்றோ ஒருவன் வெற்றி நம்பத்தக்கதாகிறது! தனிவீரரை வியக்கும் நம் சிறார்க்கு இதனையும் எடுத்துரைப்போமாக.